சோறும் பாட்டும்: திருநாள் இசை பற்றிச் சில கேள்விகள்

1

திருநாள் பாட்டு எல்லாருக்கும் பொது என்று ஒரு பேச்சு இருக்கிறது. பொங்கல் மலர்களில் எழுதுகிறார்கள். பட்டிமன்ற மேடையில் ‘பாட்டுக்கு ஏதுங்க சாதி?’ என்று கேட்டுவிட்டுக் கைதட்டலுக்காக நிற்கிறார்கள். நானும் கைதட்டியிருக்கிறேன். பாட்டுக்குச் சாதி இல்லாமல் இருக்கலாம். பாட்டை எடுத்துக் கொடுக்கிற கைக்கு இருக்கிறது. வாங்குகிற கைக்கும் இருக்கிறது. ‘பொது’ என்று சொல்கிறவர்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றிப் பேசுவதில்லை. நான் பேச வேண்டியது அதைத்தான்.

நம்ம ஊர்களில் சோற்றுக்கு ஒரு விதி உண்டு. சோறு மேலேயிருந்து கீழே வரும், கீழேயிருந்து மேலே போகாது. மாட்டுப் பொங்கலன்று ஆண்டை வீட்டு வாசலில் பாத்திரம் ஏந்தி நின்று வாங்கி வரலாம். நம்ம வீட்டுப் பானையில் பொங்கினதை அங்கே கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா? ஆனால் அந்தப் பொங்கலுக்கான நெல்லை நட்டது, அறுத்தது, அடித்தது, தூற்றியது எல்லாம் நம்ம கை. நெல்லாக இருக்கும்வரைக்கும் தீட்டில்லை. சோறானால் தீட்டு.

பாட்டுக்கும் இதே விதிதான் என்பது என் வாதம். நம்மிடமிருந்து அடியை வாங்குவார்கள், கூலி கொடுத்து. நடவுப் பாட்டை வரப்பில் நின்று கேட்பார்கள், வேலை ஓடுவதற்காக. சாவு வீட்டில் ஒப்பாரியையும் வாங்குவார்கள். அதெல்லாம் நெல். ‘இது எனக்குப் பிடிச்ச பாட்டு, நீயும் கேளு’ என்று சமமாக நீட்டுகிற பாட்டு இருக்கிறதே, அதுதான் சோறு. அதை வாங்குவார்களா?

2

குள்ளஞ்சாவடி கடலூர் – விருத்தாசலம் சாலையில் இருக்கிறது. செம்மண், முந்திரித் தோப்பு, தாண்டிப் போனால் வடலூர், நெய்வேலி. சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை கிடைத்தவர்கள் வீட்டில்தான் எங்கள் பக்கத்தில் முதலில் டிரான்சிஸ்டர் வந்தது. எங்கள் தெருவுக்கு வந்தது 1970களின் கடைசியில், ஒப்பந்த வேலைக்குப் போன ஒரு சித்தப்பா மூலமாக. அன்றிலிருந்து இலங்கை வானொலிதான் எங்களுக்குத் திருநாள். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்கள் பெயரெல்லாம் சொந்தக்காரர்கள் பெயர் மாதிரி வாயில் வரும்.

நேயர் விருப்பம் என்று ஒன்று. அஞ்சலட்டையில் பாட்டை எழுதி, விரும்பிக் கேட்பவர்கள் என்று வீட்டிலுள்ளவர்கள், தெருவிலுள்ளவர்கள் பெயரையெல்லாம் வரிசையாக எழுதிப் போட வேண்டியது. பொங்கல், தீபாவளி வந்தால் அட்டை கூடும். பாட்டு வருவதற்கு முன்னால் பெயர்களை ஒரே மூச்சில் வாசிப்பார்கள். பாட்டைவிட அதற்குத்தான் நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தமிழ் இசை வரலாற்றை எழுதுகிறவர்கள் இதையெல்லாம் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. நம்ம ஜனங்களின் பெயர் மரியாதையோடு ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்ட இடம் வேறு எது? ரேஷன் கடையில் கூப்பிடுவார்கள், கோர்ட்டில் கூப்பிடுவார்கள். ‘விரும்பிக் கேட்டவர்’ என்று யார் கூப்பிட்டார்கள்?

ஆனால் அட்டையில் விலாசம் எழுத வேண்டுமே, அங்கேதான் இடிக்கும். ‘காலனி’ என்று எழுதினால் கடலுக்கு அந்தப் பக்கம் யாருக்கும் ஒன்றும் தெரியாது, இந்தப் பக்கம் டீக்கடையில் கேட்டுக்கொண்டிருப்பவனுக்குத் தெரியும். எங்க அண்ணன் காலனியை விட்டுவிட்டு ‘குள்ளஞ்சாவடி அஞ்சல்’ என்று மட்டும் எழுதுவார். பக்கத்து வீட்டு மாமா பிடிவாதக்காரர். ‘எழுதுடா, இருக்கிறதத்தானே எழுதுற’ என்று காலனியோடுதான் எழுதச் சொல்வார். ஒருநாள் அது அப்படியே வாசிக்கப்பட்டது. மறுநாள் டீக்கடையில் ஒருத்தர் ‘காலனிப் பசங்க பேரெல்லாம் சிலோன்காரன் வாசிக்கிறான், காலம் அப்படி ஆயிப்போச்சி’ என்றார். பாட்டு அவருக்கும் பிடித்த பாட்டுதான். அதைக் கேட்டு ரசித்தவர்தான். கேட்ட பிற்பாடுதான் யார் கொடுத்தது என்று பார்த்தார்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் விலாசம் என்றால் வட்டம் எண், குவார்ட்டர்ஸ் எண். எந்த டைப் வீடு என்பதில் பதவி தெரியும், சாதி சட்டென்று தெரியாது. பதினைந்து இருபது கிலோமீட்டரில் இரண்டு விதமான விலாசம். எண்ணில் இருப்பவன் பாட்டு கேட்டால் அது ரசனை. காலனியில் இருப்பவன் கேட்டால் ‘காலம் ஆயிப்போச்சி’.

இலங்கையில் சாதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் நுழைய அங்கே ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. கே. டானியல் ‘பஞ்சமர்’ நாவலை எழுதியது எந்தச் சமூகத்தைப் பார்த்து? அறிவிப்பாளருக்கு நம்ம தெரு எந்தப் பக்கம் என்று தெரியாது, அவ்வளவுதான். தெரியாமல் கிடைத்த சமத்துவம் அது. சின்னதுதான், ஆனால் சுகமாக இருந்தது.

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. அஞ்சலட்டை போட்ட மாமா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். ‘சொல்லை எடுத்துட்டீங்க, சரி. தெருவை எப்ப எடுப்பீங்க?’ என்று கேட்டிருப்பார்.

3

வானொலி தூரத்துச் சமாச்சாரம். மைக் செட் பக்கத்துச் சமாச்சாரம்.

எங்க பெரியம்மா வாக்கப்பட்ட கிராமம் குள்ளஞ்சாவடியிலிருந்து உள்ளே போக வேண்டும். பெயர் வேண்டாம், அது எந்த ஊராகவும் இருக்கலாம். ஊர்த்தெருவில் பொங்கலுக்குச் செட்டு கட்டுவார்கள். தென்னைமரத்தில் குழாய் ஸ்பீக்கர். அதில் ஒன்று நேராகச் சேரியைப் பார்த்திருக்கும். போகி விடியற்காலம் தொடங்கினால் காணும் பொங்கல் ராத்திரிவரைக்கும் அவர்கள் போட்ட பாட்டைத்தான் நாங்கள் கேட்டோம். யாரும் குறை சொன்னதில்லை. சும்மா கிடைத்த பாட்டு. பெரியம்மா அந்தப் பாட்டுக்குத்தான் வாசல் மெழுகும்.

1980களின் நடுவில் ஒரு வருஷம் சேரிப் பையன்கள் காசு போட்டு ஒரு செட்டு வாடகைக்கு எடுத்தார்கள். ஒரே ஒரு குழாய். அதை வேப்பமரத்தில் கட்டினார்கள். அது ஊரைப் பார்த்திருந்தது. போட்ட ரெக்கார்டு என்ன தெரியுமா? ஊர்த்தெருவில் போட்ட அதே எம்ஜிஆர் படப் பாட்டு, அதே ‘முரட்டுக்காளை’ பாட்டு. அம்பேத்கர் பாட்டு ஒன்றும் போடவில்லை, அப்போது எங்களிடம் இல்லை. பத்து மணிக்கு ஆள் வந்தது. ‘பாட்டு போடுங்க, வேணாங்கல. கொழாய அந்தாண்ட திருப்புங்க.’

இந்த ஒரு வாக்கியம் போதும் என்று நினைக்கிறேன். பாட்டு ஒன்று, பாடினவர் ஒருவர், கம்பெனி ஒன்று. பிரச்சினை திசை. மேலேயிருந்து கீழே வந்தால் அது பாட்டு. கீழேயிருந்து மேலே போனால் அதே பாட்டு திமிர். பையன்கள் ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தார்கள். பெரியவர்கள் வந்து சமாதானம் பண்ணிக் குழாயை முந்திரித் தோப்புப் பக்கம் திருப்பி வைத்தார்கள். அந்தப் பொங்கலுக்கு முந்திரி மரமெல்லாம் ‘முரட்டுக்காளை’ கேட்டது.

பாமா ‘கருக்கு’வில் (1992) ஒரு காட்சி எழுதியிருக்கிறார். நம்ம பெரியவர் ஒருவர் ஊர்க்காரருக்குப் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். சிறுமியாக இருந்த பாமா அதைப் பார்த்துச் சிரிக்கிறார், அப்புறம்தான் காரணம் தெரிகிறது. பலகாரம் கடையில் வாங்கினது. நம்ம அடுப்பில் சுட்டதுகூட இல்லை. இருந்தாலும் நூல் வேண்டும். நான் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் வேப்பமரத்துக் குழாய் ஞாபகம் வரும். சினிமாப் பாட்டும் கடைப் பலகாரம்தான். அதையும் நூலில் கட்டித்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

4

இனி, போடப்படுகிற பாட்டையே எடுத்துக்கொள்வோம். தமிழ் சினிமாவின் பொங்கல் பாட்டுகளைப் பிரதியாக வைத்து வாசித்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. முற்றத்தில் பானை, வாசலில் கோலம், பட்டுப்பாவாடை, கரும்பு, கொம்புக்கு வர்ணம் அடித்த மாடு. ‘மகாநதி’ (1994) படத்தில் இளையராஜா இசையில் சித்ரா பாடிய பொங்கல் பாட்டு இன்றைக்கும் தை மாதத்தில் எல்லா இடத்திலும் ஒலிக்கிறது. மெட்டு நல்ல மெட்டு, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் வருகிற பொங்கல், நிலமும் வீடும் உள்ள குடும்பத்துப் பொங்கல். இந்த வகைப் பாட்டுகளில் விவசாயி என்றால் நிலத்துக்காரன். நெல் தானாக விளைந்து தானாக வீட்டுக்கு வந்துவிடுகிறது. அறுத்தவள் எங்கே? தாம்புக்கயிற்றைப் பிடித்துப் போரடித்தவன் எங்கே? மாட்டைக் குளிப்பாட்டியவனுக்கு ஒரு அடிகூடக் கிடையாது.

எங்க ஆயா பாடின பொங்கல் கும்மியில் இவர்கள் எல்லாரும் இருந்தார்கள். மரக்கால் குறைந்த கதை இருந்தது. களத்தில் கூலி நெல் அளக்கும்போது ஆண்டையின் விரல் எப்படி மரக்காலுக்குள்ளே போய்விடுகிறது என்று கேலி இருந்தது. மாட்டுக்குப் புதுக் கயிறு, நமக்குப் பழைய வேட்டி என்று கணக்கு இருந்தது. பொம்பளைகள் சுற்றி வந்து அடித்துச் சிரிப்பார்கள். இது எங்கள் தெரு முனையைத் தாண்டிப் போனதில்லை. ஊர்க்காரர்கள் காதில் விழுந்தால் மறுநாள் வேலை இருக்காது என்று ஆயாவுக்குத் தெரியும். பிடித்த பாட்டைப் பகிர்ந்துகொள்வது எல்லாருக்கும் சுகமான காரியமாக இருந்ததில்லை.

நாட்டுப்பாடல் தொகுத்தவர்கள் வந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரி பெர்சி மாக்வீன் சேகரித்ததை கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து ‘மலையருவி’ 1958இல் வந்தது. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964இல் வந்தது. பெரிய உழைப்பு. வானமாமலைக்கு வர்க்கமும் தெரியும், சாதியும் தெரியும். ஆனாலும் நம்மிடமிருந்து போன பாட்டு, அச்சில் ஏறும்போது ‘தமிழர்’ பாட்டாகிவிடுகிறது. நெல்லை மூட்டை பிடித்து மண்டியில் கொட்டிய பிறகு யார் வயல் நெல் என்று எவன் கேட்பான்? நேயர் விருப்பத்தில் கேட்டவன் பெயராவது இருந்தது. இங்கே பாடியவள் பெயரே இல்லை.

5

சர்ச்சுக்குள் போனால் இந்த விதி செல்லாது என்று நினைத்தவர்கள் உண்டு. எங்கள் கடலூர்ப் பக்கம் லுத்தரன் சபைகள் பழையவை, கிராமத்துச் சபைகளில் நிறைய நம்ம ஜனங்கள். கிறிஸ்துமஸ் ராத்திரியில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவார்கள். அவர்கள் பாடுகிற கீர்த்தனைகளில் பல தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774 – 1864) செய்தவை. அழகான பாட்டுகள். ஆனால் 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் எல்லாச் சாதியாரையும் கோயிலில் ஒன்றாக உட்காரச் சொன்னபோது, சாஸ்திரியார் அதை எதிர்த்து எழுதினார். தமிழ்ப் பாட்டைக் கோயிலை விட்டு விலக்குவதையும் அதோடு சேர்த்தே எதிர்த்தார். பாட்டுக்காக அவர் நடத்திய சண்டையில் நான் அவர் பக்கம். உட்காருவதற்காக நடத்திய சண்டையில்? ‘என் பாட்டைப் பாடு, என் பக்கத்தில் உட்காராதே’ என்பதுதானே அது. அந்தப் பாட்டை நம்ம ஆள்கள் இருநூறு வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்குப் பதில் சொன்னவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு (இறப்பு 2005). ‘பரட்டை’ என்று பெயர் வைத்துக்கொண்டு கிராமிய மெட்டில் வழிபாட்டையே பாட்டாகச் செய்தார். ஜோ ஷெரினியன் அவரைப் பற்றி 2014இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அப்பாவு சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, கீர்த்தனையை அப்படியே பாட வேண்டும், கிராமத்துப் பாட்டை வாங்கினவன் தன் கஷ்டத்தைச் சேர்த்து மாற்றிப் பாடலாம். இரண்டாவது, ‘ஒரே உலை’. எல்லா வீட்டு அரிசியையும் ஒரே உலையில் போட்டுப் பொங்கி எல்லாரும் தின்பது. இறையியல் படிக்காத எனக்கே அது புரிந்தது. சோற்றின் விதியை உடைக்காமல் பாட்டின் விதியை உடைக்க முடியாது என்கிறார்.

6

‘இப்போது காலம் மாறிவிட்டது, பறை மேடையேறிவிட்டது’ என்பார்கள். ஏறியிருக்கிறது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமத்தில் பொங்கலுக்குப் பூங்காக்களில் பறை அடித்தார்கள். நகரத்துப் படித்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றுக்கொள்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம் உண்டு, சந்தேகமும் உண்டு. ‘தமிழர் ஆதி இசை’ என்று அறிவிக்கும்போது, சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று சொன்னதற்காக உதை வாங்கிய கிராமத்துப் பறையடிப்பவர் எந்த வரியில் வருகிறார்? 1990களில் நம்ம பத்திரிகைகளில் நடந்த சண்டை ஞாபகமிருக்கும். ‘பறையைத் தூக்கி எறி’ என்றவர்களும் ‘பறையை விடுதலைக் கருவியாக்கு’ என்றவர்களும் மல்லுக்கட்டினார்கள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள்: அடிப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ணுகிற உரிமை. திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் தோளில் பறையை மாட்டியபோது அந்த உரிமையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டால் அது மறுபடியும் நெல் வியாபாரம்.

மார்கழியை எடுத்துக்கொள்வோம். மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கியது. மார்கழிக் கச்சேரி என்றால் சென்னையில் சபா, அதற்கொரு தெரு, அதற்கொரு சாதி. 2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியது. 2020 டிசம்பரில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது. கானா, ஒப்பாரி, பறை எல்லாம் அந்த மாதத்திலேயே, அந்த நகரத்திலேயே. சபாவிடம் போய் இடம் கேட்காமல் மாதத்தை எடுத்துக்கொண்டார்கள். பாடுகிறவர் பெயர் சொல்லி அழைத்தார்கள். குழாய் ஊரைப் பார்த்துத் திரும்பியது என்றே சொல்வேன். ஆனால் விமர்சகன் என்ற முறையில் ஒன்று கேட்க வேண்டும். வந்து கேட்ட ஊர்க்காரர் வீட்டுக்குப் போய் அதைப் பாடுகிறாரா? தன் வீட்டுத் திருநாளில் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறாரா? மேடையில் கேட்பது ஓட்டலில் சாப்பிடுவது மாதிரி. ஓட்டலில் யார் சமைத்தால் என்ன என்று எல்லாரும்தான் சாப்பிடுகிறார்கள்.

7

கையிலிருந்து கைக்கு நிஜமாகப் போன பாட்டே இல்லையா? உண்டு. ‘மனுசங்கடா’வை எழுதியவர் இன்குலாப், கீழக்கரையில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். பாடிப் பரப்பியவர் கே.ஏ. குணசேகரன். 2016இல் ஜனவரியில் குணசேகரனும் டிசம்பரில் இன்குலாப்பும் போனார்கள். குணசேகரன் புதுவைப் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில் அந்தக் கேசட் எங்கள் பக்கம் வந்தது. வெற்றுக் கேசட்டில் நகல் எடுத்து, அந்த நகலை இன்னொரு நகல் எடுத்து, கரகரவென்று தேய்ந்த குரலில்தான் நான் முதலில் கேட்டேன். பிற்பாடு மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடைகள் வந்தபோது, முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிற பெண்கள் அதை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கொட்டைப் பால் பட்டுக் கருத்த கையில் சின்ன போன். எழுதியவர் ஒரு சமூகம், பாடியவர் ஒரு சமூகம். யாரும் நூல் கட்டிக் கொடுக்கவில்லை. வாங்கினவர்கள் தங்கள் வீட்டுத் திருநாளில் பாடினார்கள். ஏப்ரல் 14 எங்கள் தெருவில் அந்தப் பாட்டு இல்லாமல் விடியாது.

ஏப்ரல் 14 ஊர்த்தெருவில் சித்திரை வருஷப்பிறப்பு. எங்கள் தெருவில் அண்ணல் பிறந்தநாள். ஒரே நாள், இரண்டு செட்டு. தமிழ்ப் புத்தாண்டு தையா சித்திரையா என்று 2008இல் ஒரு சட்டம் போட்டார்கள், 2011இல் அதை எடுத்தார்கள். எந்த மாதம் என்று ஊர் இன்னும் சண்டை போடட்டும். எங்களுக்கு அதில் வழக்கில்லை. அவர்கள் மார்கழிப் பாட்டு எங்களுக்கு மனப்பாடம், பொங்கல் பாட்டு மனப்பாடம், வடலூர்த் தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்கள் பாடுகிற அருட்பாவும் மனப்பாடம். கேட்டுக் கேட்டு நாங்கள் வாங்கிக்கொண்டோம், ஒரு பாட்டுக்கும் தீட்டுப் பார்க்கவில்லை. அவர்களுக்கு எங்கள் பாட்டு ஒன்றாவது மனப்பாடமாகத் தெரியுமா என்பதுதான் கேள்வி. தெரிகிற அன்றைக்கு, திருநாள் பாட்டு எல்லாருக்கும் பொது என்று அவர்கள் மலரில் எழுதட்டும். அதுவரைக்கும் அந்த வாக்கியத்தை எழுதுகிறவர்கள் தங்கள் பெயரையும் விலாசத்தையும் கீழே முழுசாக எழுத வேண்டும், எங்கள் மாமா எழுதச் சொன்ன மாதிரி.